மூன்றாம் கவுன்ட்டரில் ஒட்டாத முத்திரை

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். அங்கே நீ, உன் மனைவி, பிள்ளைகள் எல்லாரும் நலமா என்று விசாரிப்பது முறை. விசாரித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய கனத்த உறை பதினொன்றாம் தேதி வந்து சேர்ந்தது. அதிலிருந்த நாலு பக்கக் கடிதத்தையும், குண்டூசி குத்தி இணைத்திருந்த படிவத்தையும் மூக்குக்கண்ணாடி போட்டு ஒருமுறையும் போடாமல் ஒருமுறையும் படித்தேன். இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் எரிச்சல் வந்தது. "அத்தான், வயசான காலத்துல எதுக்கு இந்த வீம்பு? பேசாம வீட்டை வித்துட்டு வந்துடுங்க" என்று எழுதியிருக்கிறாய். அந்தப் படிவம், வீட்டை விற்க எனக்குச் சம்மதம் என்று தரகருக்கு எழுதிக் கொடுப்பது. அதில் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நீயே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி வேறு போட்டிருக்கிறாய். ஐம்பது வருடம் எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றிப் பிழைத்தவனுக்கு எந்தக் கம்பி எங்கே சேரும் என்று தெரியும். கையெழுத்து எங்கே சேரும் என்று காட்ட ஆள் தேவையில்லை.

நீ உன் அக்கா மகன் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறாய். என் பக்கத்தையும் கேள். அவனுக்கு இந்த வெளிநாட்டு ஊரில் வேலை என்றுதான் பட்டறையை விற்று இந்தச் சின்ன வீட்டை வாங்கினோம். ஆறே மாதத்தில் அவன் வேலை மாறி வேறு நாட்டுக்குப் போய்விட்டான். வீட்டை மாற்ற முடியுமா? அது மேட்டின் மேல் அப்படியே இருந்தது. பதினைந்து வருடமாக வருடத்துக்கு நாலு மாதம் வந்து இருந்துவிட்டுப் போகிறோம். பஸ் மேட்டின் அடியோடு நின்றுவிடும். அங்கிருந்து வீட்டுக்கு முன்பெல்லாம் பன்னிரண்டு நிமிடம். இந்த வருடம் உன் அக்காவின் முழங்காலோடு நாற்பது நிமிடம், தபால் பெட்டியில் ஒரு நிறுத்தம், உடைந்த மதிலில் ஒரு நிறுத்தம், பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் அம்மாவின் கேட்டில் ஒரு நிறுத்தம். முழங்கால் டாக்டர் மேடு ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். அதைத் தெரிந்துகொண்டு உன் அக்கா மகன் ஒன்றாம் தேதி போனில் சொன்னான்: "அப்பா, இந்த மாசக் கடைசிக்குள்ள வாசல்ல ஒரு கார் முறையா பதிவாகி நிக்கணும். இல்லன்னா தரகர்கிட்ட சொல்லிடுவேன். அம்மாவ இனிமே நடக்க வெக்க முடியாது." உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இதை மனதில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

வீட்டை விற்றால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கிறாய். இங்கே சமையலறை ஜன்னலோரம் அவளுக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, கீழே பஸ் வருவதையும் போவதையும், யார் இறங்கினார்கள், பையில் என்ன கொண்டுபோகிறார்கள் என்பதையும் பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கே நம் வீட்டில் அவளுக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. அவள் உட்காருவதற்குள் வருகிறவன் போகிறவன் எல்லாம் உட்கார்ந்துவிடுகிறான், நீ உட்பட.

கார் கிடைப்பது கஷ்டமாக இல்லை. பல் டாக்டர் அம்மாவுக்கு எண்பது வயதாகிவிட்டது, இனி ஓட்டப்போவதில்லை, மகள் வீட்டோடு போகிறார். பழுத்த பப்பாளி நிறத்தில் பத்தொன்பது வயதுக் கார். பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்து எனக்குக் காட்டி, "பாருங்க, ஒரு சொத்தை கிடையாது. எல்லாம் ஒரிஜினல்" என்றார். சாவியையும், பச்சை நிறத்தில் இரண்டாக மடித்த ஒரு தாளையும் கொடுத்தார். நம் பக்கத்தில் ஆர்.சி. புத்தகம் என்போமே, அதுதான் அந்தத் தாள். அதைக் கொண்டுபோய்ப் பதிவு அலுவலகத்தில் காட்டினால் பழைய பெயரை முத்திரை குத்தி ரத்து செய்துவிட்டு நம் பெயருக்கு வேறு தாள் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே அந்தத் தாளை நான் லேமினேட் செய்துவிட்டேன்.

இதில் என்ன தப்பு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. காகிதம் என்றால் கிழியும், மடியும், காப்பி கொட்டும். எங்கள் கல்யாணப் பதிவு, உன் அக்காவின் மருந்துச் சீட்டு, மிக்ஸி கேரண்டி அட்டை, எல்லாம் என்னிடம் பிளாஸ்டிக்குக்குள் கண்ணாடி மாதிரி இருக்கின்றன. அதற்காகவே நம் ஊரிலிருந்து லேமினேஷன் மெஷினைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். எடை அதிகமானதால் உன் அக்காவின் இரண்டு ஸ்வெட்டரை எடுத்து வெளியே வைக்க வேண்டியதாகிவிட்டது. "விட்டா என்னையும் அதுக்குள்ள விட்டு அந்தப் பக்கம் எடுத்துடுவீங்க" என்றாள். அவள் அதில் நுழையமாட்டாள், அகலம் போதாது, என்று உண்மையைத்தான் சொன்னேன். அதற்கு இரண்டு நாள் பேசவில்லை.

ஆறாம் தேதி பஸ் ஏறிப் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். இங்கே ஒன்று சொல்லவேண்டும். இந்த ஊர்க்காரர்கள் எல்லாம் இந்த ஊர்ப் பாஷையில்தான் பேசினார்கள். நான் வானொலிச் செய்தியைக் கேட்டுக் கேட்டு நானே கற்றுக்கொண்ட பாஷை அது. நான் பேசினால் எங்கோ மந்திரிசபை கலைந்துவிட்டது போலிருக்கிறதாம், உன் அக்கா சொல்கிறாள். உனக்குப் புரிவதற்காக நம் பேச்சில் எழுதுகிறேன். நீளமான கூடம், பச்சை பெஞ்சுகள், நாலு கவுன்ட்டர். மூன்றாம் கவுன்ட்டரில் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு அம்மாள்.

"இங்க வசிக்கிறவரா?" என்றார்.

"வருஷத்துல நாலு மாசம்."

"அப்ப வசிக்காதவர்."

"அந்த நாலு மாசமும் வசிக்காமலா இருக்கேன்? சாப்பிடறேன், தூங்கறேன், செவ்வாக்கிழமை ஆனா குப்பைத்தொட்டிய வெளிய வெக்கறேன்."

"வசிக்காதவர்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல டிக் போடுங்க. சொந்த வீடு இருந்தா வசிக்காதவரும் வண்டி வெச்சுக்கலாம். வீடு இருக்கா?"

"இருக்கு. என் வீடு" என்றேன். நாலு கவுன்ட்டருக்கும் கேட்டிருக்கும்.

"சரி, பத்திரத்தைக் கடைசியில பார்க்கறேன். முதல்ல வண்டித் தாளைக் குடுங்க."

கொடுத்தேன். அந்த அம்மாள் முத்திரையை மையில் ஒற்றித் தாளின் மேல் அழுத்தினார். அது வழுக்கிக்கொண்டு போய் மேசையில் விழுந்தது. மறுபடி அழுத்திப் பிடித்துக் குத்தினார். முத்திரை விழுந்தது, ஆனால் விரல் பட்டதும் ஈரமாக அழிந்துவிட்டது. வேறு முத்திரை எடுத்தார், பெரியது. அதுவும் அப்படியே. உள்ளேயிருந்து டை கட்டிய மேலதிகாரி ஒருவர் வந்து, தனக்குத் தெரியும் என்பது போல ஒரு குத்துக் குத்தி, வாயால் ஊதி, குனிந்து பார்த்தார். நிமிரும்போது முத்திரை அவருடைய டையில் இருந்தது.

"உங்க மையில தரம் இல்ல" என்றேன்.

"இதை யாரு இப்படிப் பண்ணது?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"நான்தான். தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது."

"தண்ணி படல. முத்திரையும் படல. பிரிச்சு எடுத்துட்டு வாங்க."

திரும்பிப் பார்த்தேன். உன் அக்கா பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையைத் திறந்து, தலையை உள்ளே விடாத குறையாக எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அடக்க முடியாமல் சிரிப்பு வந்தால் அவள் அப்படித்தான் தேடுவாள். நாற்பத்திரண்டு வருடமாக எனக்குத் தெரியும். அந்தப் பையில் எதுவும் எப்போதும் தொலைந்ததில்லை.

ஒட்டத் தெரிந்தவனுக்குப் பிரிக்கத் தெரியாதா என்றுதான் நானும் நினைத்தேன். பஸ் நிறுத்தத்து ஜெராக்ஸ் கடைக்காரர், "ஃப்ரீசர்ல வைங்க, பிளாஸ்டிக் வெறச்சுப்போய் தானா விட்டுடும்" என்றார். இரண்டு நாள் பட்டாணிப் பொட்டலத்துக்கும் ஐஸ்கட்டித் தட்டுக்கும் நடுவில் வைத்தேன். விறைத்தது, விடவில்லை. பிறகு துண்டைப் போட்டு மேலே இஸ்திரிப்பெட்டியை ஓட்டினேன், ஓரத்தில் பிளேடு கொடுத்தேன், வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி அழகாக உரிந்து வந்தது. உரிந்து வந்ததில் எஞ்சின் நம்பரின் கடைசி நாலு எண்ணும் சேர்ந்து வந்துவிட்டன. தாளில் வெள்ளைத் தழும்பு, எண்கள் பிளாஸ்டிக்கில்.

"நம்பர் எங்க?" என்றாள் உன் அக்கா.

"இருக்கு. இந்தப் பக்கம்."

"திரும்பியிருக்கே."

"கண்ணாடியில காட்டினா நேராத் தெரியும்."

"அப்ப கண்ணாடியையும் எடுத்துட்டுப் போங்க" என்றாள். அவள் கிண்டலாகச் சொன்னதுதான். ஆனால் யோசனை சரியாக இருந்தால் யார் சொன்னால் என்ன? பதினான்காம் தேதி என் சவரக் கண்ணாடியையும் பையில் வைத்துக்கொண்டு போனேன். மூன்றாம் கவுன்ட்டரில் பிளாஸ்டிக்கை ஒரு கையிலும் கண்ணாடியை ஒரு கையிலும் பிடித்து, "பாருங்க" என்றேன். அந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு நம்பரையும் பார்த்தார். "நேராத்தான் இருக்கு. ஆனா செல்லாது. வண்டியைக் கொண்டு வாங்க, எஞ்சின்ல இருக்கற நம்பரை எங்க ஆள் நேர்ல பார்த்து எழுதுவார்."

"என் பேர்ல பதிவு ஆகாத வண்டிய ரோட்டுல ஓட்டலாமா?"

"கூடாது. பிடிச்சா அபராதம்."

"அப்ப எப்படிக் கொண்டு வர்றது?"

"அது உங்க வசதி."

பதிவு செய்ய வண்டி வரவேண்டும், வண்டி வரப் பதிவு வேண்டும். இதை யார் எழுதினாரோ அவரை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று கேட்டேன். அப்படி ஒருவர் இந்தக் கட்டடத்தில் இல்லை என்றார்கள். வரும்வரை இருக்கிறேன் என்று பச்சை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நீ இதைத்தான் வீம்பு என்கிறாய். இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகு பார்த்தால் பக்கத்தில் உன் அக்காவைக் காணோம். வெளியே போய்ப் பார்த்தேன். வாசலில் பழுதான கார்களைத் தூக்கிப்போகிற இழுவை வண்டி ஒன்று நின்றது, அதன் படியில் அவள் காலை நீட்டி உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள். பாதி ஆப்பிள் அவளிடம், பாதி அந்த வண்டிக்காரியிடம். ஐம்பது வயதிருக்கும், முழங்கால்வரை பூட்ஸ். உன் அக்காவுக்கு இந்தப் பாஷையில் முப்பது வார்த்தைதான் தெரியும். அந்த முப்பதை வைத்துக்கொண்டு எல்லாக் காரியத்தையும் முடித்துவிடுவாள்.

"ஓடாத வண்டியா?" என்று வண்டிக்காரி என்னைக் கேட்டாள்.

"ஓடற வண்டிதான். ஓட்டக்கூடாத வண்டி."

"அந்த ஆபீஸ் வேலைன்னா சரி" என்றாள். அவளுக்கு ஏற்கெனவே இது பழக்கம் போலிருக்கிறது. நாள் மட்டும் தள்ளிப் போயிற்று. அவளுக்கு இருபத்தெட்டாம் தேதிதான் ஒழிந்தது.

அந்த நாள் வந்தது. நல்ல எஞ்சின், சாவியைத் தொட்டால் உறுமுகிறது, அதை நோயாளி மாதிரி முதுகில் ஏற்றிக் கட்டினார்கள். மேட்டில் உள்ள அத்தனை ஜன்னலிலும் தலை. இழுவை வண்டியின் முன்சீட்டில் நாங்கள் மூன்று பேர். உன் அக்கா நடுவில். வழி முழுக்க அவளும் வண்டிக்காரியும் முழங்காலைப் பற்றிப் பேசினார்கள். வண்டிக்காரிக்கு வலது, இவளுக்கு இடது. "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நல்ல ஜோடி" என்று வண்டிக்காரி சொல்லி இருவரும் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அலுவலக முற்றத்தில் ஒருவர் பானெட்டுக்குள் தலையை விட்டு, கைக்குட்டையால் எண்ணெயைத் துடைத்து, நம்பரைப் படித்து எழுதினார். நான் கவுன்ட்டருக்குப் போனேன், உன் அக்கா எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். எல்லாம் சரியாயிற்று. "இப்ப வீட்டுப் பத்திரம்" என்றார் அந்த அம்மாள். ஆறு பக்கம், ஆறும் லேமினேட் செய்தது, எடுத்து வைத்தேன். பார்த்ததும் அந்த அம்மாள் கையை முத்திரைப் பக்கமிருந்து பின்னால் இழுத்துக்கொண்டார். "பரவால்ல, இதைப் பார்த்தா போதும்." படித்தார். என்னைப் பார்த்தார், உன் அக்காவைப் பார்த்தார், மறுபடி படித்தார்.

"வீடு இவங்களோடது."

"எங்களோடது."

"இல்ல, இவங்களோடது. உங்க பேரு..." கடைசிப் பக்கம்வரை புரட்டினார். "எங்கயும் இல்ல."

மைத்துனா, அப்போதுதான் எனக்குப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய அந்த நாள் நினைவுக்கு வந்தது. பத்திரம் எழுதின அன்று குமாஸ்தா, மொழிபெயர்க்க ஓர் ஆளை வைத்துக்கொண்டு, என் தொழில் என்ன என்று கேட்டான். மோட்டார் சுற்றுவது என்றேன். படித்த சான்றிதழ் கேட்டான். எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை, எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் பார்த்து நானே கற்றது. சான்றிதழ் இல்லையென்றால் 'தொழில் எதுவுமில்லை' என்றுதான் எழுதமுடியும் என்றான். தொழில் எதுவுமில்லாதவன் கையெழுத்தும் உனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உன் அக்காவிடம், "நீயே போடு" என்றுவிட்டு, வெளியே தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். என் சார்பில்தான் அவள் போட்டாள் என்று நினைத்திருந்தேன். பத்திரம் வந்தபோது இந்தப் பாஷை எனக்குத் தெரியாது. கோபமும் தீரவில்லை. படிக்காமலே பிளாஸ்டிக்குக்குள் போட்டுவிட்டேன்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல. வெளிய உக்காந்திருந்தீங்க. உள்ள வந்து என்ன ஆச்சுன்னு கேப்பீங்கன்னு பார்த்தேன். பதினஞ்சு வருஷமா கேக்கல."

கவுன்ட்டர் அம்மாள் பேனாவை எடுத்தார். "அப்ப வண்டி இவங்க பேர்லதான் போகும். இவங்க ஓட்டுவாங்களா?"

"ஓட்டமாட்டேன். இவர் ஓட்டுவார்" என்றாள் உன் அக்கா.

"அப்ப ஓட்டுநர்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல இவரைப் போட்டுடலாம். ஓட்டுநரோட தொழில்?"

என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். என் மனைவி பெஞ்சிலிருந்து எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கவுன்ட்டர்வரை நடந்து வந்தாள். அந்த முப்பது வார்த்தையில்தான் சொன்னாள். "மோட்டார் சுத்தறவர். அம்பது வருஷம். எழுதுங்க." அந்த அம்மாள் சான்றிதழ் கேட்கவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு எழுதினார். கட்டம் சின்னது, ஐம்பது வருடம் என்பது கோட்டுக்கு வெளியே போய்விட்டது. போகட்டும். இந்த ஊர் அரசாங்கக் காகிதத்தில் எனக்கு ஒரு தொழில் ஏறிவிட்டது.

பழைய தாளில் முத்திரை விழுந்தது, இந்தமுறை டக்கென்று. புதிய தாளைக் கொடுத்து, "பின்பக்கம் ஓட்டுநர் கையெழுத்துப் போட்டு, பத்து நாளைக்குள்ள ஒருதரம் கொண்டு வந்து காட்டணும். அதுவரைக்கும் வண்டி வாசல்லயே நிக்கட்டும்" என்றார். அங்கேயே போடச் சொன்னார். நின்றுகொண்டு, கட்டிப்போட்ட பேனாவால் போடுகிற கையெழுத்தா அது? வீட்டில் என் பேனாவால் நல்ல வெளிச்சத்தில் போடுகிறேன் என்று சொல்லி வாங்கி வந்துவிட்டேன்.

அதே இழுவை வண்டியில் காரோடு வீட்டுக்கு வந்ததும் உன் அக்கா அவளே மகனுக்குப் போன் போட்டாள். "கார் வந்தாச்சு. இன்னொண்ணு. வீடு என் பேர்ல இருக்கு. வித்தா நான்தான் விக்கணும். நான் விக்கல. சாப்பிட்டியா?" என்றாள். அவ்வளவுதான். வைத்துவிட்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இதை ஒண்ணாம் தேதியே அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே? எதுக்கு என்னை இத்தனை நாள் ஓட விட்ட?" என்றேன்.

"அப்ப கார் வந்திருக்குமா?" என்றாள்.

ஆகவே, நீயும் உன் அக்கா மகனும் சேர்ந்து அனுப்பிய படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது வெறும் காகிதம்தான். இருந்தாலும் ஒரு விஷயத்தை அரைகுறையாக விடுவது என் பழக்கமில்லை. படிவத்தை இன்று காலை லேமினேட் செய்து இந்தக் கடிதத்தோடு உனக்கே திருப்பி அனுப்புகிறேன். இனி எந்தப் பேனாவாலும் அதில் யாரும் கையெழுத்துப் போட முடியாது. நீ போட்ட பென்சில் குறி மட்டும் உள்ளே பத்திரமாக இருக்கும், உன் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டு. அந்த மெஷின் எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

எட்டாம் தேதி நீ வருகிறாய் அல்லவா, ஸ்டேஷன் வாசலில் பப்பாளி நிறக் காரோடு நானே நிற்பேன். பஸ் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. உன் அக்காவின் இரண்டு ஸ்வெட்டரை மறக்காமல் எடுத்து வா. உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசி, உனக்கும் உண்டு, நீ எழுதிய நாலு பக்கத்தையும் மறந்துவிட்டேன் என்பதால்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
மோட்டார் சுற்றுகிறவன் (ஐம்பது வருடம்)

பின்குறிப்பு: உறைக்குள் படிவத்தைத் தேடாதே, இருக்காது. உறையில் போட்டு ஒட்டலாம் என்று எடுத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன், மேசையில் படிவத்துக்கு அடியில் புதிய பதிவுத் தாள் இருந்திருக்கிறது. இரண்டும் ஒன்றாக மெஷினுக்குள் போய், முதுகோடு முதுகாக ஒரே பிளாஸ்டிக்கில் வந்திருக்கின்றன. நான் கையெழுத்துப் போட வேண்டிய பக்கம் உன் படிவத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளே இருக்கிறது. பட்டாணியை வெளியே எடுத்து ஃப்ரீசரில் இடம் செய்திருக்கிறேன், ஆனால் அதன் லட்சணம் எனக்குத் தெரியும். எட்டாம் தேதி ஸ்டேஷனுக்கு எதிரே பத்தாம் நம்பர் பஸ் நிற்கும், கடைசி நிறுத்தத்தில் இறங்கு. மேடு ஏறும்போது தபால் பெட்டி, உடைந்த மதில், பல் டாக்டர் கேட் மூன்றிலும் நிற்கலாம். உன் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். திட்டவில்லை. இழுவை வண்டிக்காரிக்கு ஒரு போன் போட்டுவிட்டு, அரை மணி நேரமாகக் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருக்கிறாள்.